நூலகத் தந்தை அரங்கநாதனார்

ஊர் நடுவே ஒரு கிணறு இருக்கின்றது. அதில் நீரும் நிறைந்திருக்கின்றது. ஆயினும் இறைப்பதற்குக் கயிறும் வாளியும் இல்லையேல், நீர்வேட்கையோடு வந்தவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். நூல்நிலையத்தின் நிலையும் இத்தகையதே. அங்கே பல்லாயிரம் நூல்கள் இருக்கலாம். அவற்றைத் தேடி வருவோர் எளிதில் கண்டெடுத்துப் படிக்க வழியில்லையாயின், அவை இருந்தும் இல்லாதனவே ஆகும். இவ்வுண்மையை நன்குணர்ந்த பெரியார் ஒருவர் சென்னை மாநகரில் பணியாற்றினார். அவர் நூல்களைக் கற்றதோடு, நூல்களைத் தேடி வந்த மக்களின் இயல்பையும் கூர்ந்து கற்றார். அவ்வியல்புக்கு ஏற்ப நூல்நிலையத்தையே மாற்றி அமைத்தார். அவரே நூலகத் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இராமாமிருத அரங்கநாதனார் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

திருஞானசம்பந்தர் அவதரித்த சீர்காழி, அந்நாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அரங்கநாதனார் பிறந்தார். தந்தையார் இராமாமிருத ஐயர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். அரங்கநாதனார் சிறு குழந்தையாக இருந்தபொழுதே தந்தையாரை இழந்தார். பேசும்பொழுது நாத் தடுமாறும் குறையும் இளமையில் அவருக்கு இருந்தது. இவ்விரு துன்பங்களும் அவருடைய ஊக்கத்தைக் குறைக்கவில்லை. சீர்காழியில் பள்ளிக் கல்வியை முடித்து, உயர்கல்வியின் பொருட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார்.

அக்கல்லூரியில் எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர் கணிதம் கற்பித்து வந்தார். அவர்பால் அரங்கநாதனார் கொண்ட அன்பும் மதிப்பும் வாழ்நாள் முழுதும் மாறாமல் நிலைத்தன. 1916ஆம் ஆண்டில் கணிதத்தில் எம். ஏ. பட்டம் பெற்ற அரங்கநாதனார், பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசினர் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். 1921இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். திக்கிப் பேசும் குறையை விடாமுயற்சியால் வென்று, மாணவர் விரும்பும் நல்லாசிரியராகத் திகழ்ந்தார்.

விரும்பாத பதவி

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக் கழகம் தன் நூல்நிலையத்திற்குத் தனியாக ஒரு நூலகரை அமர்த்த எண்ணியது. கல்லூரி ஆசிரியரின் ஊதியத்தைவிட அப்பதவிக்கு ஊதியம் மிகுதி. நண்பர்கள் வற்புறுத்தவே, அரங்கநாதனாரும் விண்ணப்பம் செய்தார். பதவியும் கிடைத்தது. 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் பணியை ஏற்றார்.

ஆனால் சென்ற சில நாட்களிலேயே அவர் உள்ளம் சோர்ந்தது. வகுப்பறையில் எந்நேரமும் மாணவரோடு உரையாடிப் பழகியவர் அவர். நூல்நிலையத்திலோ படிக்க வருவோர் மிகச் சிலர், எங்கும் அமைதி, செய்யத்தக்க வேலையும் கண்ணுக்குப் புலப்படவில்லை. அத்தனிமையைத் தாங்க மாட்டாமல் மாநிலக் கல்லூரித் தலைவரிடம் சென்று, தம்மை மீண்டும் ஆசிரியராக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். நூலகர் பயிற்சிக்காக அவரை இங்கிலாந்துக்கு அனுப்பப் பல்கலைக் கழகம் முன்னரே முடிவு செய்திருந்தது. ஆகவே, முதலில் இங்கிலாந்து சென்று வருமாறும், திரும்பிய பின்னும் அப்பணி பிடிக்கவில்லையாயின் கல்லூரிக்கே வந்துவிடலாம் என்றும் தலைவர் அறிவுரை கூறினார். அவ்வுரையை ஏற்று, 1924ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அரங்கநாதனார் கப்பலேறினார்.

இலண்டனில் கண்டவை

இலண்டன் பல்கலைக் கல்லூரியில் நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. குராய்டன் நகர நூலகராக விளங்கிய பெர்விக் சேயர்சு என்பார் அங்கே கற்பித்து வந்தார். அவர் அரங்கநாதனாரின் அறிவுக்கூர்மையைக் கண்டு, பல நூல்நிலையங்களையும் நேரில் சென்று பார்க்குமாறு ஊக்கினார். அவ்வாறே அரங்கநாதனார் நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி புதுமையாக இருந்தது. தொழிலாளரும், இல்லத்தரசியரும், சிறுவரும் தயக்கமின்றி நூல்நிலையத்தினுள் நுழைந்தனர். அலமாரிகளின் அருகே சென்று, தாமே நூல்களை எடுத்துப் புரட்டினர். நூல்நிலையம் கற்றோர் சிலருக்கு மட்டும் உரிய இடம் என்ற எண்ணம் அவரை விட்டு அகன்றது. ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் கற்பிக்கவல்ல பெருங்கருவி அது என்பதை உணர்ந்தார். விரும்பாமல் ஏற்ற பதவியே தம் வாழ்வின் தொண்டு என்ற உறுதி அவர் நெஞ்சில் வேரூன்றியது.

அதே வேளையில் ஒரு குறையையும் அவர் கண்டார். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க அமெரிக்கரான மெல்வில் தூயி 1876இல் வகுத்த பதின்மப் பகுப்பு முறையைப் பலரும் கையாண்டனர். அது முன்னரே அறைகள் கட்டி முடித்த அஞ்சறைப் பெட்டியைப் போன்றது. புதிய பொருள் ஒன்று தோன்றினாலும், இரண்டு மூன்று பொருள்கள் ஒரே நூலில் கலந்து வந்தாலும், அதனை எந்த அறையில் வைப்பது என்னும் இடர்ப்பாடு எழுந்தது. நூலகர் ஓர் இடத்தில் வைக்க, படிப்பவர் வேறோர் இடத்தில் தேடுவர். இக்குறையை நீக்கும் வழி யாது என்று அரங்கநாதனார் ஓயாது சிந்தித்தார்.

ஒருநாள் இலண்டனில் செல்பிரிட்ஜ் என்னும் பெரிய அங்காடிக்கு அவர் சென்றார். அங்கே மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் ஒருவர் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். துளையிட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகியவையே அதன் உறுப்புகள். அவற்றை ஒரு வகையாகப் பூட்டினால் ஒரு பொம்மை. கழற்றி வேறு வகையாகப் பூட்டினால் மற்றொரு பொம்மை. குழந்தைகள் கண்டு மகிழும் அக்காட்சியில் அரங்கநாதனார் தம் வினாவுக்கு விடையைக் கண்டார். பொருள்களுக்கு முன்கூட்டியே அறை கட்டாமல், ஒவ்வொரு பொருளையும் அதன் கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்துக் கொள்ளலாம் அன்றோ? தாயகம் திரும்பும் கடற்பயணத்திலும் அவர் இதனையே எண்ணி வரைந்து வந்தார்.

படிப்போரைக் கவனித்தல்

1925இல் சென்னை திரும்பிய அரங்கநாதனார் முழு ஊக்கத்தோடு பணியில் இறங்கினார். அவர் முதலில் ஆராய்ந்தது நூல்களை அன்று. நூல்நிலையத்திற்கு வந்த மக்களையே ஆராய்ந்தார். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி முதலிய பகுதிகளிலிருந்து மாணவரும், ஆசிரியரும், வழக்கறிஞரும் அங்கே வந்தனர். அவர்கள் எப்பொழுது வருகின்றனர், எதைக் கேட்கின்றனர், எவ்விடத்தில் தயங்கி நிற்கின்றனர், ஏன் வெறுங்கையோடு திரும்புகின்றனர் என்பவற்றை அவர் உற்று நோக்கினார்.

இவ்வாறு நோக்கியதில் ஓர் அரிய உண்மை புலனாயிற்று. படிக்க வருவோர் தமக்கு வேண்டியதைப் பெரும்பாலும் வேண்டியவாறே கேட்பதில்லை. சான்றாக, கிணற்று நீரின் உப்பை நீக்கும் வழியை அறிய விரும்பும் ஒருவர், வேதியியல் நூல்கள் எங்கே உள்ளன என்று பொதுவாகக் கேட்பார். மற்றொருவரோ, விரிந்த பொருளைத் தேடி வந்து, அதன் சிறு பகுதி ஒன்றன் பெயரை மட்டும் சொல்வார். நாணத்தால் ஒன்றும் கேளாமலே திரும்புவோரும் உண்டு. கேட்ட நூலை எடுத்துக் கொடுப்பதோடு நூலகரின் கடமை முடிந்துவிடுவதில்லை. கேட்பவரோடு அன்பாக உரையாடி, அவர் உள்ளத்தில் இருக்கும் வினாவை வெளிக்கொணர்தல் வேண்டும். ஆதலின் நூலகர் தம் இருக்கையிலேயே அமர்ந்திராது, படிப்போரிடையே உலவி அவர்களுக்குத் துணை புரிதல் வேண்டும் என்று அவர் வகுத்தார். இத்தொண்டின் முறைகளைத் தனி நூலாகவும் எழுதினார்.

கண்டறிந்தவற்றுக்கு ஏற்ப நூல்நிலையம் படிப்படியாக மாறியது. பூட்டிய அலமாரிகள் திறக்கப்பட்டன. படிப்போர் உள்ளே சென்று தாமே நூல்களை எடுத்துப் பார்க்கலாயினர். இவ்வாறு விட்டால் நூல்கள் களவு போகும் என்று அஞ்சியவர் பலர். ஒரு சில நூல்கள் இழக்கப்படலாம் என்பதை அரங்கநாதனாரும் மறுக்கவில்லை. ஆயினும், அச்சிறு இழப்புக்கு அஞ்சி எல்லா நூல்களையும் எல்லாரிடமிருந்தும் மறைத்து வைப்பது பேரிழப்பு என்பது அவர் கருத்து. தரையில் நின்றபடியே கை எட்டும் உயரத்திற்கு மேல் அலமாரிகள் இருத்தலாகாது. இருவர் எதிரெதிரே வந்தாலும் இடர்ப்படாதவாறு இடைவழிகள் அமைதல் வேண்டும். எந்த வரிசையில் எப்பொருள் உள்ளது என்பதைக் காட்டும் வழிகாட்டிப் பலகைகள் தொங்குதல் வேண்டும். படிப்போருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் நூல்நிலையம் திறந்திருத்தல் வேண்டும். இவையெல்லாம் சிறு செய்திகள் போலத் தோன்றும். ஆனால் நூலுக்கும் படிப்போருக்கும் இடையே நிற்கும் தடைகள் பெரும்பாலும் இத்தகைய சிறு தடைகளே என்பதை அவர் கண்டுகொண்டார். 1936இல் பல்கலைக் கழக நூல்நிலையம் சேப்பாக்கத்துக் கடற்கரையை நோக்கிய தன் சொந்தக் கட்டடத்தில் குடியேறியது.

இப்பணியில் அவர் காட்டிய உழைப்பு வியப்புக்கு உரியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடுமுறை கொள்ளாமல் பணியாற்றினார் என்றும், தம் திருமண நாளன்றும் பிற்பகலில் நூல்நிலையத்திற்கு வந்துவிட்டார் என்றும் சொல்வர்.

முக்காற்புள்ளி முறை

இலண்டன் அங்காடியில் தோன்றிய கருத்து, 1933ஆம் ஆண்டில் கோலன் பகுப்பு முறை என்னும் நூலாக வெளிவந்தது. கோலன் என்பது முக்காற்புள்ளியின் ஆங்கிலப் பெயர். பொம்மையின் உறுப்புகளைத் திருகாணி இணைப்பது போல, பொருளின் கூறுகளை இம்முறையில் முக்காற்புள்ளி இணைத்தது. ஆதலின் அப்பெயர் வந்தது.

எப்பொருளையும் ஐந்து கண்கொண்டு நோக்கலாம் என்று அவர் பின்னர் விளக்கினார். பேசப்படும் பொருளின் தனித்தன்மை ஒன்று, அது எதனால் ஆயது என்பது இரண்டு, அதன்மேல் நிகழும் செயல் மூன்று, இடம் நான்கு, காலம் ஐந்து. தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டையொட்டி நெற்பயிரின் நோய்களைத் தடுத்த வரலாற்றைக் கூறும் நூல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நெல், நோய், தடுத்தல், தமிழ்நாடு, 1950 எனக் கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியை இணைத்தால், அந்நூலுக்கு உரிய இடம் தானே அமைந்துவிடும். நாளை புதிய பயிரோ புதிய நோயோ தோன்றினாலும் இடர்ப்பாடு இல்லை. அதற்குரிய ஓர் உறுப்பைச் சேர்த்தால் போதும்.

நூலைத் தேடும் அட்டைப் பட்டியலிலும் அவர் படிப்போரின் இயல்பையே முன்வைத்தார். ஒருவர் நெல் என்று தேடுவார். ஒருவர் பயிர் என்று தேடுவார். வேறொருவர் நோய் என்று தேடுவார். எவர் எச்சொல்லோடு வந்தாலும், அவரைக் கைப்பிடித்து உரிய இடத்திற்கு அழைத்துச் செல்லுமாறு அட்டவணையை ஒரு சங்கிலி போல் தொடுக்கும் முறையை அவர் வகுத்தார். அலமாரியிலும், தேடிய நூலின் இருமருங்கும் அதனோடு நெருங்கிய நூல்களே நிற்குமாறு வரிசை அமைத்தார். ஒரு நூலைத் தேடி வந்தவர், தாம் அறியாத மற்றொரு நல்ல நூலையும் கண்டு மகிழ இஃது ஏதுவாயிற்று.

ஐந்து விதிகள்

நூல்நிலையத்தில் நாள்தோறும் செய்யும் நூற்றுக்கணக்கான செயல்களுக்கு அடிப்படையான விதிகள் சில இருத்தல் வேண்டும் என்று கணித அறிஞராகிய அரங்கநாதனார் கருதினார். 1928ஆம் ஆண்டில் அவர் இதைப்பற்றி மனம் உளைந்துகொண்டிருந்தபொழுது, பேராசிரியர் ராஸ் ஒரு மாலை நூல்நிலையத்திற்கு வந்தார். மாணவரின் கவலையைக் கேட்ட ஆசிரியர், முதல் விதியின் கருத்தை எளிய சொற்களில் எடுத்துரைத்தார். அதன்பின் ஏனைய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. சென்னை நூலகச் சங்கம் 1931இல் அவற்றை நூலாக வெளியிட்டது.

நூல்கள் காத்து வைப்பதற்கு அல்ல, பயன் கொள்வதற்கே என்பது முதல் விதியின் கருத்து. படிக்க விரும்பும் எவருக்கும் ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. எந்த நூலும் தன்னை விரும்புவாரைச் சென்றடைய வேண்டும் என்பது மூன்றாவது. படிப்போரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூல்நிலையம் உயிருள்ள உடல் போல வளர்வது என்பது ஐந்தாவது.

இவற்றுள் நான்காவது விதியைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஒரு நூல்நிலையத்திற்கு நாள்தோறும் 100 பேர் வருவதாகவும், பட்டியல் குழப்பமாக இருப்பதால் ஒவ்வொருவரும் 10 நிமிடம் வீணே தேடுவதாகவும் கொள்வோம். ஒரு நாளில் 1,000 நிமிடம், அதாவது 16 மணி நேரத்திற்கு மேல் வீணாகின்றது. இஃது எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாத செலவு. இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத செலவையும் கணக்கிட்டுப் பார்த்ததே அரங்கநாதனாரின் சிறப்பு.

நாட்டுக்குச் செய்த தொண்டு

நகரத்தாருக்கு மட்டும் நூல் கிடைத்தால் போதாது என்பதையும் அவர் மறந்தாரல்லர். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக நாடெங்கும் நூலக உணர்ச்சியைப் பரப்பினார். 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பும் நடமாடும் நூல்நிலையத்தைத் தொடங்கியபொழுது, அரங்கநாதனார் அம்முயற்சிக்குத் துணை நின்றார். பொது நூல்நிலையங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று அவர் நெடுங்காலம் முயன்றதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. வீட்டு வரியோடு சேர்த்துத் திரட்டும் சிறு தொகை, ஊர்தோறும் நூல்நிலையம் அமைய வழி வகுத்தது.

சென்னைப் பல்கலைக் கழகப் பணியிலிருந்து விலகிய பின் அரங்கநாதனார் காசிக்குச் சென்றார். அங்குள்ள இந்துப் பல்கலைக் கழகத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே பகுத்துப் பட்டியலிட்டார். பின்னர்த் தில்லிப் பல்கலைக் கழகத்தில் நூலகக் கல்வியை வளர்த்தார். 1957இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருதை அளித்தது; 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் பெருமையையும் வழங்கியது. 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு அளித்து, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படச் செய்தார். அப்பதவி அவர் துணைவியார் சாரதை அம்மையாரின் பெயரைத் தாங்கியது. எளிய உடையும் எளிய உணவும் கொண்டு வாழ்ந்த அப்பெரியார், 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் இயற்கை எய்தினார்.

கணிப்பொறிக் காலத்தில்

அரங்கநாதனாரின் கருத்துகள் அவரோடு மறையவில்லை. 1952இல் இலண்டனில் தோன்றிய பகுப்பு ஆராய்ச்சிக் குழுவினர், பொருளைக் கூறுகளாகப் பிரிக்கும் அவர் முறையைப் போற்றி வளர்த்தனர். இன்று கணிப்பொறித் திரையில் ஒரு நூலையோ பண்டத்தையோ தேடுவோர், மொழி, ஆண்டு, இடம், வகை என ஒவ்வொரு கூறாகத் தெரிந்தெடுத்துத் தேடலைச் சுருக்கிக் கொள்கின்றனர். கூறுகளாகப் பகுத்துத் தேடும் இம்முறையின் கருத்து அவருடைய பகுப்பு முறையில் வேர்கொண்டதே ஆகும்.

அவர் கையாண்ட மற்றொரு வழியும் கணிப்பொறி உலகில் தனியே தோன்றி வளர்ந்தது. தொடக்கக் காலத்தில் கணிப்பொறி வல்லுநர்க்கே உரியதாக இருந்தது. 1970களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், சிராக்சு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தினர், எழுத்துகளைத் திருத்தும் கணிப்பொறி அமைப்பு ஒன்றை உருவாக்க முற்பட்டனர். பாடநூல் வெளியிடும் பதிப்பகம் ஒன்றில் பணியாற்றியோர்க்காக அமைந்தது அது. லாரி தெசுலர், டிம் மாட் என்னும் இருவர், அப்பதிப்பாசிரியர்கள் தாளில் எவ்வாறு திருத்துகின்றனர் என்பதை முதலில் உற்று நோக்கினர். ஒன்றும் தோன்றாத திரையின் முன் அவர்களை அமரச் செய்து, எவ்வாறு திருத்த விரும்புகின்றீர்கள் என்று செய்து காட்டுமாறு வேண்டினர். பதிப்பாசிரியர்கள் தாளை வெட்டி வேறிடத்தில் ஒட்டும் பழக்கமே, திரையில் சொற்களை வெட்டி ஒட்டும் வசதியாக மலர்ந்தது. அவ்வறிஞர்கள் அரங்கநாதனாரைப் பின்பற்றினர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கடற்கரை நூல்நிலையத்தில் அவர் கைக்கொண்ட நெறியும் இதுவே: கருவியைச் செய்யுமுன் அதனைக் கையாளுவோரைக் காண வேண்டும்.

முடிவுரை

இந்நாட்டில் ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் அரங்கநாதனாரின் நினைவாக நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. ஒரு பணியில் சேர்ந்த தொடக்கத்திலேயே அதை விட்டு ஓட எண்ணியவர், அப்பணியையே உலகம் போற்றும் ஒரு கலையாக உயர்த்தினார். தம் அறிவை மட்டும் நம்பாமல், எதிரே தயங்கி நிற்கும் எளிய மாணவன் ஒருவனின் இடர்ப்பாட்டையும் பாடமாகக் கொண்டு கற்றதனாலேயே அஃது அவருக்குக் கைகூடியது. பாலம் கட்டுவோரும், நூல் எழுதுவோரும், கணிப்பொறி அமைப்போரும், தம் படைப்பைப் பயன்படுத்தப் போகின்றவர் யார், அவருக்கு எங்கே தடை நேரும் என்று முதலில் எண்ணுவாராயின், அவர்தம் தொழில் சிறக்கும். நூல்நிலையத்தினுள் நுழைந்து, நாம் விரும்பும் நூலை நாமே எடுத்து விரிக்கும் ஒவ்வொரு முறையும், அக்கதவைத் திறந்து வைத்த பெரியாரை நன்றியோடு நினைவு கூர்வோமாக.